ஜெபிக்க வார்த்தை வரவில்லையா?

சபையில் சிலர் ஜெபித்தால் அடுக்குமொழியும் வசனமுமாகக் கொட்டும். அதைக் கேட்டுவிட்டு, 'எனக்கு ஜெபிக்கத் தெரியாது' என்று ஒதுங்கிக்கொள்பவர்கள் பலர். தண்ணீரில் அமிழ்ந்துகொண்டிருந்த இயேசுவின் சீஷன் பேதுரு சொன்னது 'ஆண்டவரே, என்னை இரட்சியும்' என்பது மட்டுமே (மத்தேயு 14:30). இயேசு உடனே கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார்.

தனியாக இருக்கும்போது, அம்மாவிடம் பேசும் அதே தமிழில் தொடங்குங்கள். 'என்னை ஆசீர்வதியும்' என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடாமல் விஷயத்தைச் சொல்லுங்கள்: 'ஆண்டவரே, நாளைக்கு அண்ணனிடம் பேச வேண்டும். கோபம் இன்னும் தீரவில்லை. மன்னிக்க மனமே இல்லை. அந்த மனதைத் தாரும்.' இவ்வளவு போதும். ஆண்டவர்மேலேயே வருத்தமா? அதையும் சொல்லலாம். வேதாகமத்தின் 13ஆம் சங்கீதம் 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்றுதானே தொடங்குகிறது! பக்திக்காக முகத்தை மாற்றிக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல் என்பேன்.

இடையில் மனம் அலைபாய்கிறதா? அலைந்த இடத்தையே ஜெபமாக்குங்கள். கடன் நினைவுக்கு வந்தால் கடனைப் பற்றியே பேசுங்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்.

ஒன்றுமே வராத நாளில், இயேசு கற்றுத்தந்த பரமண்டல ஜெபத்தை வரிக்கு வரி நின்று, நிதானமாகச் சொல்லுங்கள். மத்தேயு 6ஆம் அதிகாரத்தில், 9 முதல் 13 வரையிலான வசனங்கள்.