நம் செஸ் ஆட்டம் எப்படிப்பட்டது? 20 ஆட்டங்களில் தெரிந்துகொள்ளும் வழி

ஆறு மாதமாக லிச்செஸ் என்ற ஆன்லைன் செஸ் தளத்தில் என் ரேட்டிங் (ஆட்டத் திறனுக்கான புள்ளி) 1400-ஐ ஒட்டியே நின்றது. ஓப்பனிங்கை, அதாவது தொடக்க நகர்வுகளை, மாற்றி மாற்றிப் பார்த்தேன், அசையவில்லை. கும்பகோணத்தில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தபோது, என் பழைய ஆட்டங்களையே உட்கார்ந்து படித்தேன். கோளாறு ஓப்பனிங்கில் இல்லை, என் பழக்கத்தில் இருந்தது.

முதலில் 20 ஆட்டங்களை எடுங்கள். ஜெயித்தது, தோற்றது இரண்டும் வேண்டும். எல்லாம் 10 நிமிட ஆட்டமாக இருக்கட்டும். நான் 3 நிமிட ஆட்டங்களையும் கலந்துவிட்டேன். அதில் பாதி கடிகாரத்தால் தோற்றவை என்பதால் ஒன்றும் பிடிபடவில்லை.

அடுத்து ஒரு நோட்டும் பேனாவும். எக்செல் வேண்டவே வேண்டாம். ஒரே காரணத்தை நாலாவது தடவை கையால் எழுதும்போது மனதில் தைக்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மூன்று விஷயம் குறியுங்கள்: ஆட்டம் திரும்பிய நகர்வு, அப்போது என்ன நினைத்தீர்கள், எத்தனை வினாடி யோசித்தீர்கள். பிரவுசரில் ஆட்டத்தைத் திறந்தால் பலகைக்குக் கீழே 'மூவ் டைம்ஸ்' இருக்கும்.

நான் சறுக்கிய இடம் இதுதான். எடுத்தவுடன் கம்ப்யூட்டர் அனாலிசிஸை அழுத்திவிட்டேன். சிவப்புக் குறிகளைப் பார்த்ததும் 'ஓ, இதுவா' என்று அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டேன். அதற்குப் பின்னால் இருக்கும் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் இன்ஜின் தவறைக் காட்டும். அந்த நேரத்தில் நம் மனதில் ஓடியதை நாம்தான் எழுத வேண்டும். அதனால் முதலில் நோட்டு, அப்புறம் இன்ஜின்.

ஓர் ஆட்டம் சொல்கிறேன். நான் வெள்ளை, இத்தாலியன் ஓப்பனிங். மூன்றாவது நகர்விலேயே எதிராளி குதிரையை டி4 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். இ5 சிப்பாய் காவலில்லாமல் நின்றது. குதிரையால் வெட்டினேன். உடனே அவர் ராணி ஜி5-க்கு வந்து, என் குதிரையையும் ஜி2 சிப்பாயையும் சேர்த்துக் குறிவைத்தது. ஏழாவது நகர்வில் எனக்கு செக்மேட். சிப்பாயை வெட்ட நான் எடுத்த நேரம் 2 வினாடி. நோட்டைப் புரட்டினால் இன்னும் ஐந்து ஆட்டங்களில் இதே கதை: சும்மா கிடைக்கிற காய், 2 வினாடி, தோல்வி. இப்போது இலவசக் காய் தெரிந்தால் மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுகிறேன்.

பலத்தையும் இதே நோட்டில் தேடுங்கள். என்னைத் தாக்குதல் ஆட்டக்காரன் என்றே நம்பியிருந்தேன். ஆனால் ராணிகள் வெட்டுப்பட்டு யானைகள் மிஞ்சிய 6 ஆட்டங்களில் 5 என் பக்கம். இப்போது ராணியை மாற்றிக்கொள்ளத் தயங்குவதில்லை. நீடாமங்கலத்தில் இருக்கும் தம்பிக்கு இது நேர் எதிர். ராணி போனால் அவனுக்கு ஆட்டமே போச்சு. (அவன் வீட்டுக்குப் போனால் பூவனூர் சதுரங்க வல்லபநாதர் கோயிலையும் பார்த்துவிடுவோம். சிவபெருமான் இளவரசியோடு சதுரங்கம் ஆடி வென்றதாகச் சொல்லும் தலம்.)

ஓப்பனிங் பார்க்க, அனாலிசிஸ் பலகையில் புத்தகப் படம் போட்ட பொத்தானை அழுத்தி, 'பிளேயர்' பகுதியில் உங்கள் பெயரைக் கொடுங்கள். எந்த நகர்வில் அதிகம் தோற்கிறீர்கள் என்று வந்துவிடும். லிச்செஸில் இதெல்லாம் இலவசம், விளம்பரமும் கிடையாது. எனக்கு அதுவே போதும்.

பின்சேர்க்கை: சிக்னல் போய்த் தோற்றவற்றைச் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம், அடித்துவிட்டு வேறு ஆட்டம் எடுங்கள். இன்னொருவருக்குத் தோல்விகள் பெரும்பாலும் இரவு 11 மணிக்கு மேல். நல்ல விஷயம் பிடித்தார். நானும் இப்போது நோட்டில் நான்காவதாக மணியைக் குறிக்கிறேன்.