மான்களின் படுக்கையிடத்தை விட்டு விலகினேன், அவை திரும்பின

என் வேட்டை நிலத்தில் வெள்ளைவால் மான்கள் உண்டு. ஆனால் இரண்டு ஆண்டுகளாக வேட்டைப் பருவம் தொடங்கியதும் பெரிய கலைமான்கள், அதாவது ஆண் மான்கள், பகலில் தென்படவே இல்லை. தீவனக் குறைவு என்று நினைத்துக் குளோவர் என்ற தீவனப் பயிரை விதைத்தேன். அதுவும் மஞ்சளித்தது. மண்ணைப் பரிசோதித்தால் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.3, குளோவருக்கு 6 முதல் 7 வரை வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் சுண்ணாம்புத் தூள் வேலை செய்யப் பல மாதங்கள் ஆகும் என்பதால், அடுத்த விதைப்புக்கு வெகுமுன்பே தூவினேன்.

உண்மையான தவறு, மான்களைத் தானாகப் படமெடுக்கும் கேமராவை நான் வைத்த இடத்தில் இருந்தது. மான்கள் படுக்கும் புதருக்குள்ளேயே அதைக் கட்டிவிட்டு, வாரந்தோறும் படம் பார்க்கப் போனேன். என் வாடையே அவற்றை விரட்டியிருக்கிறது!

இப்போது பனி உருகியதும், மார்ச்சில், ஆண்டுக்கு ஒரே ஒருமுறை அங்கே நடக்கிறேன். இலை துளிர்க்காத அந்த நாட்களில் தடங்கள், கொம்பு உரசிய மரங்கள், உதிர்ந்த கொம்புகள் எல்லாம் கண்ணில் படும். எனக்கு மிகவும் பிடித்த நடை அதுதான். பார்த்ததை வரைபடத்தில் குறித்துக்கொண்டு வெளியேறிவிடுவேன். கேமராக்களை நில விளிம்புக்கு மாற்றி, வடக்கு நோக்கித் திருப்பினேன். எதிர்வெயில் படத்தைக் கெடுப்பது நின்றது. அவற்றின் படங்களைப் பார்க்க மாதம் ஒருமுறை, நண்பகலில், காற்று மான்களின் படுக்கையிடத்திலிருந்து என் பக்கம் வீசினால் மட்டுமே போகிறேன்.

சென்ற அக்டோபரில், வெளிச்சம் மங்கும் முன்பே, எட்டுக் கிளைக் கொம்புடன் ஒரு கலைமான் குளோவருக்குள் வந்து நின்றது.