தொட்டி வாங்கும்போது நீளத்தைப் பாருங்கள்

சென்னை கொளத்தூருக்கு வண்ணமீன் வாங்கக் கிளம்புகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, மீனுக்கு முன்னால் தொட்டியை முடிவு செய்யுங்கள் என்பதுதான். மகள் ஆசைப்பட்டாள் என்று உருண்டை ஜாடியில் ஒரு கோல்டுஃபிஷ் வளர்த்தோம். விடிகாலையில் பார்த்தால், பாவம், நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் நீரின் மேல்பரப்பு வழியாகத்தான் கரைகிறது. ஜாடியைக் கழுத்துவரை நிரப்பினால் அந்தப் பரப்பே சுருங்கிவிடும். நான் செய்த தப்பு அதுதான்.

அதனால் உயரத்தைவிட நீளத்தைப் பாருங்கள். 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியில் சுமார் 125 லிட்டர் பிடிக்கும். ஓயாமல் ஓடும் ஜீப்ரா மீன்களுக்கு நேராக நீந்த இடம் கிடைக்கும். உயரம் 2 அடியைத் தாண்டினால் அடியில் கல்லைச் சரிசெய்யக்கூடக் கை எட்டாது.

முன்பக்கம் தட்டைக் கண்ணாடியாக இருக்கட்டும். வளைந்த கண்ணாடியும் நீரும் சேர்ந்து லென்ஸ் மாதிரி ஆகி, மீனைக் கோணலாகக் காட்டும்.

அப்புறம், 125 லிட்டர் என்றால் நீர் மட்டுமே 125 கிலோ. ஆடாத இரும்பு ஸ்டாண்டில் தெர்மோகோல் விரித்து அதன்மேல் வையுங்கள்.