மூன்றாவது பீக்கரை மறக்காதீர்கள்

வயலில் இறங்குபவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் கொடுக்கும் குளிசை டொக்சிசைக்ளின். விழுங்கியதில் கணிசமான பங்கு மாறாமலே மலசலகூடக் குழிக்குப் போகிறது. குழிக்குக் கீழே சுண்ணாம்புக்கல், பக்கத்திலே கிணறு. அதனால்தான் ஒளியூக்கிப் பரிசோதனைக்கு, அதாவது ஒளி பட்டால் வேலை செய்யும் ஊக்கித் தூளால் தண்ணீரிலுள்ள மருந்தைச் சிதைத்துப் பார்க்க, இந்த மருந்தை எடுத்தேன். நீங்களும் ஆய்வுகூடத்தில் செய்யலாம். வைத்தியசாலைக் கழிவுநீரை மட்டும் தொடக்கத்திலேயே கொண்டுவர வேண்டாம், அதில் கிருமியும் சேர்ந்து வரும்.

ஒரு லீற்றர் கிணற்றுத் தண்ணீருக்கு 10 மில்லிகிராம் மருந்து. அதில் 100 மி.லீ. வீதம் மூன்று பீக்கர். முதலாவதில் ஊக்கியான தைத்தேனியம் ஈரொட்சைட்டுத் தூள் 50 மில்லிகிராம் போட்டு, அரை மணித்தியாலம் இருட்டில் கலக்குங்கள். மருந்து தூளில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைச் சிதைந்ததாகக் கணக்கெடுத்துவிடக் கூடாது. பிறகு வெயிலில் வையுங்கள். பத்து மணிக்கு மேல்தான் நல்ல வெயில். இந்தத் தூளுக்கு 387 நானோமீற்றருக்குக் கீழான புற ஊதாக் கதிர்தான் வேண்டும், வெயிலில் அது நூற்றுக்கு நாலைந்து பங்குதான். கதிர் பட்டதும் ஐதரொட்சில் மூலிகம் என்ற, எதையும் தாக்கும் துணிக்கை பிறந்து, மருந்து மூலக்கூறைக் கடித்துக் குதறும்.

இரண்டாவது பீக்கரில் தூள் உண்டு, வெயில் இல்லை. கறுப்புப் பொலித்தீனால் சுற்றுங்கள். மூன்றாவதில் வெயில் உண்டு, தூள் இல்லை. முதல் தடவை நான் இந்த மூன்றாவதை வைக்கவில்லை. மருந்துக் கரைசலின் மஞ்சள் வெளிறியதும் தூளின் வெற்றி என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். பிறகுதான் தெரிந்தது, டொக்சிசைக்ளின் வெயிலில் தானாகவே சிதையும் சாதி!

கால் மணிக்கொரு தடவை 3 மி.லீ. எடுத்து, 0.22 மைக்ரோமீற்றர் வடியில் வடித்து, ஒளி உறிஞ்சலை அளக்கும் நிறமாலைமானியில் 350-375 நா.மீ.க்குள் வரும் மருந்தின் உறிஞ்சல் உச்சியைப் பாருங்கள். இங்கேதான் நம் தண்ணீர் குறும்பு செய்யும். கேத்தலடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் கல்சியம் டொக்சிசைக்ளினோடு பிணைந்து உச்சியையே நகர்த்திவிடும். பாலோடு இந்தக் குளிசையைக் குடிக்காதே என்பதும் இதனால்தான். ஆகவே உறிஞ்சலை மருந்தின் செறிவாக மாற்றும் அளவுக்கோட்டை அதே கிணற்றுத் தண்ணீரில் வரையுங்கள். காய்ச்சி வடித்த நீரில் வரைந்த கோட்டை நம்பி ஒரு கிழமையைத் தொலைத்தவன் நான். தண்ணீரிலுள்ள இருகாபனேற்றும் அந்த மூலிகங்களை விழுங்கி ஊக்கியை மந்தமாக்கும். அதனால் வடித்த நீரில் வந்த வேகத்தைக் கழிவுநீரிலும் எதிர்பார்க்க வேண்டாம்.

நிறம் போனால் மருந்து போனது என்று அர்த்தமில்லை. கிருமி வளர்க்கும் ஏகார்த் தட்டில் ஈ.கோலை பற்றீரியாவைப் பரப்பி, சுத்திகரித்த நீரில் நனைத்த வடிதாள் வட்டத்தை வைத்து மறுநாள் பாருங்கள். சுற்றிவரத் தெளிந்த வளையம் இருந்தால் கொல்லும் வலு இன்னும் மிச்சம். பக்கத்தில் சிதைக்காத கரைசலுக்கும் ஒரு வட்டம் வைக்க வேண்டும். அதிலேயே வளையம் வராவிட்டால் செறிவு போதாது, அந்தத் தட்டை நம்பாதீர்கள்.

தூளை நிறுக்கும்போது முகக்கவசம் போடுங்கள், மூச்சோடு உள்ளே போகக்கூடாது. மிஞ்சியதை ஒரு கலனில் சேர்த்து வையுங்கள். கிணற்றடியில் ஊற்றினால் சுண்ணாம்புக்கல் வெடிப்பு வழியே நேரே கீழே இறங்கிவிடும்.