பனிக்காலத்துக்கு ஆர்வி கூரை ஏசியை எப்படி மூடுவது?

அமெரிக்காவின் கடுங்குளிர் மாநிலமான மினசோட்டா மாதிரி இடத்தில் பனிக்காலம் முழுக்க ஆர்வியிலேயே (வீடுபோல் வாழ வசதியுள்ள வண்டி) குடியிருக்கப் போகிறீர்கள் என்றால், கூரை ஏசிக்காக வெட்டிய அந்த 14 அங்குலச் சதுர ஓட்டையைக் கவனியுங்கள், சூடு அதன் வழியாகத்தான் நழுவும். முதலில் பிரேக்கரை அணைத்துவிடுங்கள். உள்பக்க பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி ஃபில்டரைக் கழுவிக் காயவைத்த கையோடு, போல்ட் தளர்ந்திருக்கிறதா, கேஸ்கெட் (ஏசிக்கும் கூரைக்கும் நடுவே தண்ணீர் புகாமல் தடுக்கும் பட்டை) ஓரத்தில் தண்ணீர்க் கறை தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கறை இருந்தால் அதைச் சரிசெய்யாமல் மூடாதீர்கள். போல்ட்டை ரொம்ப முறுக்கினால் கேஸ்கெட் நசுங்கும்.

அப்புறம் ஃபோம் போர்டை ஓட்டையைவிட ஒரு நூல் பெரிதாக வெட்டி அழுத்திச் செருகி, விளிம்பு முழுக்க டேப் ஒட்டுங்கள். சமையல் ஆவியும் மூச்சுக்காற்றின் ஈரமும் இடுக்கு வழியே ஏறினால் மேலே குளிர்ந்து சொட்டும், அதனால் டேப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். வெளியே கவர் போட்டால் காற்றில் படபடக்காமல் கட்டுங்கள். ஏசியில் ஹீட் ஸ்ட்ரிப் (காற்றைச் சூடாக்கும் சிறு மின்சாதனம்) இருக்கிறதே என்று நம்பாதீர்கள், அது லேசான குளிருக்குத்தான்.