அமாவாசையன்று கூட்டம் வைக்காதீர்கள்

உணவு அறிவியலாளர்களுக்கென்று 1957-ல் மைசூரில் தொடங்கிய சங்கத்துக்கு இன்று பல ஊர்களில் கிளைகள் இருக்கின்றன. கிளை என்றால் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு கருத்தரங்கு. குத்துவிளக்கு, பொன்னாடை, மதியச் சாப்பாடு. ராமநாதபுரம் கடற்கரையில் மீன், கருவாடு, பாசி வேலை செய்பவர்களுக்கு இதே பாணியில் கூட்டம் போட்டால் கல்லூரிப் பிள்ளைகள் மட்டும்தான் வருவார்கள்.

முதல் தவறு தேதியில்தான். மண்டபம் என்கிற ஊர்ப் பக்கம் கடற்பாசி உணவுப் பயிற்சி ஒன்றுக்கு, ஹால் காலியாக இருந்த ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்தோம். 40 நாற்காலி போட்டோம், 3 பேர் வந்தார்கள். அவர்களில் வயதான ஓர் அம்மா கேட்டார்: "காலண்டர் பாக்க மாட்டீகளா? இன்னைக்கு அமாவாசைல்ல?" அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டித்தான் கடல் நன்றாக வற்றும்; பாசி எடுக்கும் பெண்கள் மாதத்தில் 12 நாள் போல அப்போதுதான் கடலில் இறங்குவார்கள். மீன் ஆட்களுக்கு வேறு கணக்கு. ராமேசுவரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி போய் மறுநாள் காலை கரை சேரும். ஆக, நமக்கு வசதியான ஞாயிறு அவர்களுக்கு ஓய்வே இல்லாத நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அப்போது ஆள் கிடைப்பார்கள். ஆனால் கையில் காசு இருக்காது. பதிவுக் கட்டணம் என்று வாய் திறக்காதீர்கள்.

அடுத்தது, தெரிந்ததையே சொல்லிக்கொடுப்பது. மணலில் கருவாடு காயவைத்தால் மண் ஒட்டும் என்று அவர்களுக்குத் தெரியாதா? இடமில்லை, காயவைக்கிறார்கள். அவர்கள் உண்மையில் குழம்புவது கருவாட்டில் ஏறும் சிவப்பு நிறத்தைப் பார்த்துத்தான். உப்பு போதவில்லை என்று நினைத்து இன்னும் கொட்டுகிறார்கள். அந்தச் சிவப்புக்குக் காரணமோ உப்பிலேயே வாழும் நுண்ணுயிர். உப்பளத்து உப்போடுதான் வந்து சேர்கிறது. உப்பைக் கூட்டினால் அது சாகாது. மீனை நன்றாகக் காயவைத்து ஈரம் படாமல் வைக்க வேண்டும், ஒருமுறை போட்ட உப்பை மறுபடி போடக் கூடாது. சூரை, கானாங்கெளுத்தி பற்றியும் இப்படி ஒன்று சொல்லியாக வேண்டும். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற, சாப்பிட்டால் ஒவ்வாமை போலப் படுத்தும் நச்சு சேரும். அப்புறம் உப்பு போட்டாலும் வறுத்தாலும் அது போகாது. இந்த இரண்டையும் ஸ்லைடு போட்டு விளக்காதீர்கள். ஒரே மீனைப் புது உப்பிலும் பழைய உப்பிலும் போட்டு, இரண்டு பொட்டலமாக அவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு அவர்களே எடுத்து வரட்டும்.

முதல் கூட்டத்துக்கே உணவுப் பாதுகாப்பு அலுவலரைச் சிறப்பு விருந்தினராக அழைப்பதும் வேண்டாம். ரெய்டு என்று நினைத்து ஆள் கலைந்துவிடும். மூன்றாவது கூட்டத்தில் வரட்டும், லைசென்ஸ் கேள்விகளுக்கு அவர் இருந்தால் நல்லதுதான்.

இவற்றையெல்லாம்விட எனக்கு உறுத்துவது, பரிசோதனைக்கென்று மாதிரி எடுக்கும் வேலை. கருவாடு, கருப்பட்டி, பாசி என்று பை பையாக வாங்கிப் போகிறோம், மாநாட்டில் ஆய்வு முடிவைப் போஸ்டராக ஒட்டுகிறோம். கொடுத்தவருக்கு ஒரு வரி போய்ச் சேர்வதில்லை. ஈரம் எவ்வளவு, உப்பு எவ்வளவு, மண் எவ்வளவு, எதை மாற்றலாம் என்று தமிழில் ஒரு தாள் போதும். மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பும் முன்னால் அந்தத் தாளைக் காயவைக்கும் களத்துக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். சில சமயம் நம் எண்ணே தப்பு என்று அங்கேதான் தெரியும்: அந்தப் பொட்டலம் மழை நாளில் எடுத்தது என்பார்கள்.