ஃபான்டம் பெயினை மறுபடி பதுங்கி ஆடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எதிரி முகாம்களுக்குள் பதுங்கிப் புகும் வீடியோ கேம் மெட்டல் கியர் சாலிட் 5: த ஃபான்டம் பெயின் வந்தது 2015 செப்டம்பரில். கதையை ஒரு தடவை சுட்டுத் தள்ளி முடித்துவிட்டு, ‘இந்தத் தடவை ஒருத்தன் கண்ணிலும் படாமல் ஆடுகிறேன்’ என்று திரும்ப எடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் எங்கள் தெருத் தம்பி ஒருவன் மே மாத லீவில் அப்படித்தான் ஆரம்பித்தான். மூன்றாவது மிஷனைத் திரும்ப எடுத்ததுமே என்னிடம் வந்து நின்றான்.

“ஏம்ணே, மொதத் தடவ இவனுவ தலையில ஒண்ணுமே இல்லியே. இப்ப ஹெல்மெட்ட மாட்டிட்டுல்லா நிக்கானுவ?”

அவன் கேட்டதில்தான் பெரிய தவறு ஒளிந்திருக்கிறது. பழைய மிஷனைத் திரும்ப ஆடும்போது காவலர்கள் பழைய நிலையில் இருக்க மாட்டார்கள். நீங்கள் அதுவரை எப்படி ஆடினீர்களோ அதற்குத் தகுந்தபடி தயாராகி நிற்பார்கள். ஹெட்ஷாட்டாக அடித்துத் தள்ளியிருந்தால் ஹெல்மெட் வரும். எப்போதும் ராத்திரியிலேயே புகுந்திருந்தால் இருட்டில் பார்க்கும் கண்ணாடி வரும். அதை மாட்டியவன் முன்னால் இருட்டு உங்களுக்கு எந்த உதவியும் செய்யாது. பதுங்கி ஆட வருகிறவர்கள் முதலில் நம்புவதே ராத்திரியையும் மயக்க ஊசித் துப்பாக்கியால் தலையில் அடிப்பதையும்தான். அந்த இரண்டையும்தான் கேம் அடைத்துக்கொண்டே வருகிறது.

இதற்கு வழி உண்டு. ஒரே முறையைப் பிடித்துத் தொங்காமல் ஒரு மிஷன் பகலில், ஒரு மிஷன் ராத்திரியில் என்று மாற்றுங்கள். ஊசியைக் குறைத்து, பின்னால் போய்க் கையால் பிடியுங்கள். ஒரு முறையைக் கொஞ்ச காலம் விட்டுவிட்டால் அதற்கு எதிரான தயாரிப்பும் மெல்லக் குறையும். கேமில் உங்கள் தளமான மதர் பேஸிலிருந்து காம்பாட் யூனிட்டை, அதாவது உங்கள் சண்டைப் படையை அனுப்பி ஹெல்மெட் வரும் வழியையே துண்டிக்கவும் முடியும். பலர் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. மறுபடி ஆடுகிறவர்களுக்கு அதைவிடப் பயனுள்ள பக்கம் வேறில்லை என்பேன்.

அடுத்தது ஞாபகத்தை நம்புவது. ‘இந்தக் கூடாரத்துக்குப் பின்னால் ஒருத்தன்தான் நிற்பான், எனக்குத் தெரியும்’ என்று நேராக இறங்குவார்கள். போன தடவை விடியற்காலையில் வந்திருப்பார்கள், இப்போது நடுராத்திரி. நேரம் மாறினால் காவலர் நிற்கும் இடமும் நடக்கும் பாதையும் மாறும். காலை ஆறு, மாலை ஆறு மணிக்கு ஆள் மாற்றும் நேரம். மேட்டில் படுத்து பைனாகுலரில் ஒவ்வொருவனையும் மார்க் பண்ணிவிட்டு இறங்குங்கள். நேரம் சரியில்லை என்றால் ஃபான்டம் சிகாரைப் பற்றவைத்து நேரத்தைத் தள்ளலாம். மண் மேடு இருக்கும் இடம், வெளியேறும் வழி, இவையெல்லாம் முதல் ஆட்டத்திலிருந்து உங்களுக்கு மிஞ்சிய சொத்து. ஆள் கணக்கு அதில் சேராது.

ஊசித் துப்பாக்கியில் ஒரு நுணுக்கம். தலையில் பட்டால் அந்த இடத்திலேயே சரிவான். தோளிலோ வயிற்றிலோ பட்டால் உடனே விழ மாட்டான். உஷாராகிச் சுற்றும்முற்றும் பார்ப்பான். அந்தச் சில நொடிகளில் பதறி இரண்டாவது ஊசி, மூன்றாவது ஊசி என்று போடுவதுதான் காரியத்தைக் கெடுக்கிறது. சைலன்சரும் சுடச்சுடத் தேய்ந்து போகும். முதல் ஊசியோடு தலையைத் தாழ்த்திக் காத்திருங்கள். தூங்குகிறவனை இழுத்து மறைக்காமல் விட்டால் அடுத்த காவலன் வந்து உதைத்து எழுப்பிவிடுவான். திசைதிருப்ப வேண்டுமா, காலி மேகசினை எறியுங்கள். அது எத்தனை தடவை எறிந்தாலும் தீராது.

சத்தத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மே மாதத்தில் ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு டிவி ஸ்பீக்கரில் ஆடினால் காலடிச் சத்தம் காதில் விழவே விழாது. ஹெட்போன் கட்டாயம். கேமில் வரும் ஆப்கானிஸ்தானில் காவலர்கள் பேசுவது ரஷ்ய மொழி. சைட் ஆப் என்னும் துணை வேலைகளில் வரும் ரஷ்ய மொழிபெயர்ப்பாளரைத் தூக்கி வராமல் விட்டால் அவர்கள் பேச்சும் புரியாது, பிடித்து விசாரிக்கவும் முடியாது. அதை முதலிலேயே முடித்துவிடுங்கள்.

கண்ணில் பட்ட உடனே செக்பாயின்ட்டிலிருந்து மறுபடி தொடங்குவதும் தவறுதான். இங்கே நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். பார்த்துவிட்டவன் ரேடியோவில் சொல்வதற்குள் அவனை மடக்கிவிட்டால் மற்றவர்களுக்குச் செய்தி போகாது. அதற்குள் ஓடி மறைவது, சத்தம் அடங்கும்வரை பாறைக்குப் பின்னால் கிடப்பது, இதெல்லாம் பதுங்கி ஆடுவதில் பாதி. ஒவ்வொரு தடவையும் ரீஸ்டார்ட் அடித்தால் இதைக் கற்றுக்கொள்ளவே வழியில்லை. கண்ணில் பட்டதும் நேரத்தை மெதுவாக்கும் ரிஃப்ளெக்ஸ் மோடையும் ஆப்ஷன்ஸில் போய் அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை கை அவசரப்பட்டுக்கொண்டே இருக்கும். பலமுறை செத்தால், காவலர் உங்களைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்காகக் கேம் நீட்டும் கோழித் தொப்பியையும் வாங்க வேண்டாம். அதைத் தலையில் மாட்டினால் உச்ச மதிப்பான எஸ் ரேங்க் கிடைக்காது.

கேமில் துணைக்கு வரும் நாய் டி-டாக் எப்போதும் கூட வந்து மோப்பம் பிடித்து எல்லாரையும் காட்டிக்கொடுத்தால் உங்கள் கண்ணும் காதும் பழகாது. அதை விட்டுவிட்டு, வெறுங்கையோடு தொடங்கும் 33-வது மிஷனை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். அதை முடித்துவிட்டு 39-ல் இறங்கலாம். அதில் காவலரிடம் மாட்டினால் மிஷன் அங்கேயே தோல்வி.